நான் திங்கட்கிழமைப் பத்திரிகையை மட்டும் பார்த்தேன்

1. வந்த நாள்

ஹைன்ஸ் நீகாம்ப் எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்தது 2004 மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஜேர்மன் நகரமான பீலெஃபெல்டில் உள்ள அந்த இல்லத்தின் இரண்டாம் மாடியில் நான் பராமரிப்பாளனாகப் பதினோராவது வருடம் வேலை செய்துகொண்டிருந்தேன். அவருக்கு எண்பது வயது. கை நடுக்கம், இடது முழங்காலில் பழைய முறிவு, இரண்டு பெட்டிகள். கூட வந்த அவருடைய அக்காவின் மகள் படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

புதிதாக ஒருவர் வந்தால் நாங்கள் முதலில் நிரப்புவது வாழ்க்கைக் குறிப்புத் தாள். எங்கே பிறந்தார், என்ன வேலை செய்தார், எதை விரும்புவார், எதற்குப் பயப்படுவார் என்று எழுத வேண்டும். பின்னொரு நாள் அவருடைய நினைவு குழம்பினால் அவரோடு எதைப் பேசலாம் என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வோம். இந்த வேலையை மற்றவர்கள் என்னிடம் தள்ளிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலேயே பத்திரிகைகளை வெட்டித் திகதி போட்டு ஒட்டி வைக்கிறவன் நான். இங்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இந்த நகரத்தில் நம்மவரின் முதல் கடை எந்தத் தெருவில் திறந்தது, முதல் தமிழ் வகுப்பு யாருடைய வீட்டில் நடந்தது என்று மூன்று கொப்பிகள் நிறைய எழுதி வைத்திருந்தேன். ஆதாரம் இல்லாத ஒரு வரியும் அவற்றில் இல்லை. அந்த நாளில் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

"என்ன வேலை செய்தனீங்கள்?" என்று நீகாம்பிடம் கேட்டேன். நாங்கள் பேசியதெல்லாம் ஜேர்மன் மொழியில். இங்கே என் தமிழில் தருகிறேன், 'திரு' என்பதற்கான 'ஹெர்' என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டு.

"பட்டறையில இரும்பு வேலை."

"வேற?"

"ஞாயிற்றுக்கிழமையில பிறேக் இல்லாத மோட்டார் சைக்கிள் ஓடினனான்."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். "பிறேக் இல்லாட்டி எப்பிடி நிப்பாட்டுறது?"

"நிப்பாட்டுறதுக்கு ஆர் ஓடுறது, ஹெர் நாதன்?"

அது பகிடி இல்லை. ஸ்பீட்வே என்ற ஒரு பந்தயம் உண்டு. உதைபந்தாட்ட மைதானத்தைச் சுற்றி நிலக்கரிச் சாம்பல் கொட்டி நீள்வட்டமாக ஒரு பாதை போடுவார்கள். நான்கு பேர், நான்கு சுற்று. வண்டிக்குப் பிறேக் கிடையாது, கியர் ஒன்றே ஒன்று. எப்போதும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும். திருப்பத்தில் பின் சில்லு சறுக்கும்போது இடது காலைத் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டு போவார்கள். அதற்காக இடது சப்பாத்தின் கீழ் ஓர் இரும்புத் தகட்டை வாரால் கட்டுவார்கள். போர் முடிந்த கையோடு, இடிபாடுகளைக்கூட முழுவதும் அள்ளி முடிக்காத அந்த ஊர்களில், இதைப் பார்க்கச் சனம் திரண்டு போயிருக்கிறது. நீகாம்ப் ஆறு வருடம் ஓடியிருக்கிறார். முழங்கால் உடைந்ததோடு விட்டுவிட்டார்.

இயந்திரத்துக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம். "எங்கட ஊரில அதைச் சின்னப்பிள்ளையளுக்குக் குடுக்கிறது, வயிறு கழுவ" என்றேன்.

அவர் சிரித்துச் சிரித்து இருமினார். "எங்கட வண்டியும் அப்பிடித்தான். பின்னால வந்தவனுக்குத்தான் தெரியும்."

2. மறுபக்கச் சுற்று

எங்கள் மாடியின் நடைபாதை நான்கு மூலையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும். காலைக் கோப்பி முடிந்ததும் நீகாம்ப் தடியை ஊன்றிக்கொண்டு கிளம்புவார். நான்கு சுற்று. இடது காலை நிலத்தோடு இழுத்து, இடப்பக்கமாகவே போவார். வலப்பக்கம் திரும்பச் சொன்னால் நின்றுவிடுவார்.

என்னோடு வேலை செய்த ஜெயா ஊர்க்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள். "அண்ணை, உங்கட ஆள் கோயில் வீதி சுத்துறார், பாருங்கோ. ஆனா சாமியை இடப்பக்கம் விட்டு மறுபக்கமா" என்பாள்.

"அவற்ற சாமி அந்தப் பக்கம்தான் சுத்தும்" என்பேன்.

3. கழகத்தின் கடிதம்

மே மாதம் நீகாம்புக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் பிறந்த ஊர் கத்தோலிக்கர் வாழும் ஒரு சிற்றூர். எங்களுக்கு ஒரு மணித்தியால ஓட்டத் தூரம். அந்த ஊர் மோட்டார் கழகம் தன் ஆண்டுவிழாவுக்காக, தன் ஸ்பீட்வே பந்தயத்தின் பழைய வெற்றியாளர்களின் பெயர்களை வெண்கலப் பலகையில் வார்த்துக் கழகக் கட்டடத்தில் பதிக்கப் போகிறது. ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு பெயர். 1950க்கு மட்டும் அவர்களிடம் பதிவு இல்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதும்படி கேட்டிருந்தார்கள்.

கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். அவர் அதை வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "அது நான். ஐம்பதாம் ஆண்டு, யூன் மாசம். ஒருக்காத்தான் முதலாவதா வந்து வெண்டனான், அது அந்த முறைதான்."

"பரிசு ஏதும் வச்சிருக்கிறீங்களோ?"

"புகை போட்ட பன்றித்தொடை ஒண்டு தந்தவை. வீட்டில ஏழு பேர். சாட்சியைத் திண்டிட்டம்."

பெட்டியிலிருந்து ஒரு பழைய நிகழ்ச்சித் தாளை எடுத்துத் தந்தார். மடிப்புகளில் கிழிந்திருந்தது. அதில் ஓட்டக்காரர் பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது. மேலே யூன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை என்று திகதி அச்சாகியிருந்தது.

"என்ர கை நடுங்குது. நீங்கள் எழுதுங்கோ, ஹெர் நாதன். உங்கட எழுத்து வடிவு."

எழுதுகிறேன் என்றேன். ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றும் சொன்னேன். அப்போதே இரண்டு வரி எழுதித் தபாலில் போட்டிருந்தால் இந்தக் குறிப்புக்கே வேலை இருந்திருக்காது.

4. ஊன்ட்றொப்

யூனில் ஊன்ட்றொப் என்ற ஊரில் நம்மவர் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் தேர். விருப்பமான மூன்று பேரை இல்லத்து வாகனத்தில் கூட்டிக்கொண்டு போக எங்கள் பொறுப்பாளர் அனுமதி தந்தார். ஜெயாவும் வந்தாள். நீகாம்ப் முன் இருக்கையில் இருந்தார். தேர் இழுத்ததையும், தேங்காய்களை மலையாகக் குவித்து உடைத்ததையும், ஆண்கள் வெறும் மேலோடு நிலத்தில் உருண்டு பிரதட்டை செய்ததையும் சக்கர நாற்காலியில் இருந்து கண் வெட்டாமல் பார்த்தார். றோட்டு முழுக்கப் பூ மிதிபட்டுக் கிடந்தது.

திரும்பி வரும் வழியில் அவராகவே பேசத் தொடங்கினார்.

"எங்களுக்கும் இப்பிடித்தான். றோட்டு முழுக்கப் பூ. நாலு பேர் நாலு தடியில துணிப்பந்தல் தூக்கிக்கொண்டு போவினம். அண்டைக்குக் காலமை அது போச்சுது. பின்னேரம் நான் வெண்டனான். பூ இன்னும் கிடந்தது. என்ர சில்லில எல்லாம் ஒட்டிக்கொண்டுது."

வாகனத்தை ஓட்டியபடியே நான் கண்ணாடியில் பின்னால் இருந்த ஜெயாவைப் பார்த்தேன். இல்லத்தில் வந்து இறங்கியதும் அவளிடம் சொன்னேன்: "மனுசனுக்குக் குழம்பத் தொடங்கீட்டுது. இண்டைக்குப் பார்த்ததையும் பழசையும் சேர்த்துச் சொல்றார்."

"ஆருக்குத் தெரியும் அண்ணை, அவையின்ர ஊரிலயும் திருவிழா இருக்கும்தானே."

"இருபது வருசமா இஞ்ச இருக்கிறன். ஒரு ஜேர்மன்காரன் றோட்டில பூப் போட்டதை நான் காணேல்லை."

நான் காணாதது உண்மை. பீலெஃபெல்டில் பெரும்பாலோர் புரட்டஸ்தாந்தர்கள். அன்று மாலை அவருடைய பராமரிப்பு அறிக்கையில் எழுதினேன்: 'இன்றைய நிகழ்வைப் பழைய நினைவோடு கலக்கிறார். குழப்பத்தின் முதல் அறிகுறி இருக்கலாம். கவனிக்கவும்.' திகதி, நேரம், கையொப்பம். என் சொந்தக் கொப்பியிலும் அதை எழுதிக்கொண்டேன்.

5. நூலகம்

யூலையில் ஒரு விடுமுறை நாளில் மாவட்டத் தலைநகரின் நூலகத்துக்குப் போனேன். அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் படச்சுருளில் வைத்திருக்கிறார்கள். ஞாயிறு பந்தயம் என்றால் செய்தி திங்களில் வரும். 1950 யூன் முதல் ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமைப் பத்திரிகையைத் திருப்பினேன். இரண்டு நிமிடத்தில் அகப்பட்டது. கடும் மழை, பாதையில் தண்ணீர் தேங்கியதால் பந்தயம் நடக்கவில்லை, மூன்று வரி. மற்றத் திங்கட்கிழமைகளையும் அந்த ஆண்டு முடியும்வரை பார்த்தேன். ஒன்றுமில்லை. பிரதி எடுத்துக்கொண்டு திருப்தியோடு வீடு திரும்பினேன். சரியாகப் பார்த்து முடித்த வேலை என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவருடைய அறையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகத்தான் சொன்னேன்.

"ஹெர் நீகாம்ப், அண்டைக்கு மழை. பந்தயம் நடக்கேல்லை."

பிரதியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "மழை பெய்தது உண்மை" என்றார். "நான் வெண்டதும் உண்மை."

"இரண்டும் உண்மையா இருக்க ஏலாது."

"ஏலாதோ?"

"இது உங்கட நிகழ்ச்சித் தாள். இதில ஞாயிற்றுக்கிழமை எண்டு கிடக்கு. இது பத்திரிகை."

அவர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "அப்ப எழுதாதேங்கோ."

நான் எழுதினேன். கழகத்துக்குப் பதில் போட்டேன்: 1950இல் பந்தயம் நடைபெறவில்லை, ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது. யாரும் என்னிடம் கேட்காத வேலை அது. பிழையான பெயர் வெண்கலத்தில் ஏறிவிடக் கூடாது என்று நினைத்தேன். செயலாளர் நன்றி சொல்லி எழுதியிருந்தார்.

அதன் பிறகு நீகாம்ப் பந்தயம் பற்றி என்னோடு பேசவில்லை. காலைச் சுற்று நான்கு மூன்றானது, பிறகு ஒன்றானது. இலையுதிர் காலத்தில் கட்டிலோடு ஆனார். ஒக்டோபரில் ஒருநாள் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன். கன்னத்தில் நுரையோடு கேட்டார்:

"ஹெர் நாதன், அப்ப அந்தத் தொடையை ஆர் தந்தது?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். என்னை நம்பியதால், தன் நினைவை அவர் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார். நான் சவரக்கத்தியைத் தண்ணீரில் கழுவினேன். மற்றக் கன்னத்தைச் சவரம் செய்தேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை நிமோனியாவில் இறந்தார்.

6. அடுத்த ஆண்டு

2005 மே மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை. பொது விடுமுறை. புரோன்லைக்னாம் என்று நாட்காட்டியில் போட்டிருப்பார்கள். கத்தோலிக்கரின் நற்கருணைத் திருநாள். இத்தனை வருடமும் அது எனக்கு வேலை அட்டவணையில் ஆள் குறைகிற ஒரு நாள் மட்டுமே. நம் திருவிழாக்களைப் போலவே திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். கிழமை மாறாது, எப்போதும் வியாழன்தான்.

அன்று இன்னொரு முதியவரை அவருடைய மகள் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. வீடு நீகாம்பின் ஊருக்குப் பக்கத்து ஊரில். ஊர் எல்லையில் பொலிஸ்காரர் வாகனத்தை மறித்தார். ஊர்வலம் போகிறது, பத்து நிமிடம் பொறுங்கள் என்றார். இறங்கி நின்றேன்.

றோட்டு முழுக்கப் பூ. சிவப்பும் மஞ்சளுமாக இதழ்களைக் கோலம் போலப் பரப்பியிருந்தார்கள். நான்கு பேர் நான்கு தடியில் துணிப்பந்தல் பிடித்துவர, நடுவில் பாதிரியார் நடந்து வந்தார்.

நீகாம்ப் அன்று வாகனத்தில் சொன்னது இதைத்தான். ஊர்வலம் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த விடுமுறை நாளில் நூலகம் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். 1950இல் அந்தத் திருநாள் யூன் முதல் ஞாயிறுக்குப் பிறகு வந்த வியாழன். திருநாள் விடுமுறையால் வெள்ளிக்கிழமை பத்திரிகை இல்லை. சனிக்கிழமைப் பத்திரிகை, கடைசிப் பக்கம், எட்டு வரி. மழையால் ஒத்திவைக்கப்பட்ட பந்தயம் திருநாள் பிற்பகலில் நடந்தது. பழைய நிகழ்ச்சித் தாளையே மீண்டும் கொடுத்திருக்கிறார்கள். முதலிடம் ஹைன்ஸ் நீகாம்ப்.

ஜெயாவிடம் பிரதியைக் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தாள்.

"தான் வெண்ட நாளை அவர் ஒருநாளும் ஞாயிற்றுக்கிழமை எண்டு சொல்லேல்லை, என்ன அண்ணை?"

"ஓம். தாள்தான் சொன்னது."

7. வெட்டிய வரி

கழகத்துக்கு எழுதினேன். வருந்துகிறோம், பலகை வார்த்துப் பதித்தாகிவிட்டது, பின்னொரு நாள் புதுப்பிக்கும்போது கவனிப்போம் என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தேன். வெற்றியாளர்களின் பெயர்களுக்கு நடுவே 1950 என்ற எண்ணுக்கு எதிரே 'மழை காரணமாக நடைபெறவில்லை' என்று இருக்கிறது. நல்ல வார்ப்பு. நூறு வருடம் கிடக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அறிக்கையில் பிழையாக எழுதினால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒற்றைக் கோட்டால் வெட்டி, பழையது வாசிக்கக்கூடியதாக இருக்க, பக்கத்தில் சரியானதை எழுதித் திகதியும் கையொப்பமும் போட வேண்டும். நீகாம்பின் கோப்பில் அதைச் செய்ய அனுமதி கேட்டேன். இறந்தவரின் கோப்பு மூடியாயிற்று, அதில் யாரும் எழுத முடியாது என்றார் பொறுப்பாளர். அவர் சொன்னது சரி. 'குழப்பத்தின் முதல் அறிகுறி' என்ற என் வரி நிலவறை அலுமாரியில் அப்படியே இருக்கிறது. அந்த நாளில் அவருக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒருவர் சொல்வதை அவர் சொன்னபடியே முதலில் எழுதுங்கள். பூ என்றால் பூ, பந்தல் என்றால் பந்தல். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அடுத்த வரியில், உங்கள் சந்தேகம் என்று குறித்து எழுதுங்கள். நான் காணாததெல்லாம் நடவாதது என்று எடுத்துக்கொண்டேன். கையில் பிரதி இருந்தபடியால் அது எனக்கு விளங்கவில்லை.

என் கொப்பியில் மட்டும் அந்த வரியை ஒற்றைக் கோட்டால் வெட்டிப் பக்கத்தில் பத்திரிகையின் எட்டு வரிகளையும் எழுதி வைத்தேன். கடைசி வரி பரிசைப் பற்றியது. அந்தத் தொடையைத் தந்தது உங்கள் ஊர் இறைச்சிக்கடைக்காரர், ஹெர் நீகாம்ப்.