காற்றுக் குழாயில் குளித்தவன்

முதலில் அந்த இருமலை நான் சட்டையே செய்யவில்லை. தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையை எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம்) சலிக்கும் அறையில் எனக்குப் பதினான்கு வருட வேலை. அங்கே இருமாமல் நிற்பவனைப் பார்த்தால்தான் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

ஆனால் இது வேறு மாதிரி இருமல். வேலை முடிந்து லயத்துக்கு (எங்கள் வரிசை வீடுகளுக்கு) ஏறும் படிக்கட்டில் பிடித்துக்கொள்ளும். எண்பத்தாறு படி. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறியவன், இப்போது பாதியில் நின்று, கீழே ஹாலிஎலைப் பக்கம் போகும் ரயிலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். ரயில் இல்லாத நேரத்திலும் பார்த்ததால் என் மனைவி சாந்தி கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏங்க, வராத ரயிலுக்கு எதுக்குக் காவல் நிக்கிறீங்க?"

அப்போது எங்கள் மகளுக்கு நான்கு மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள். பிள்ளை பார்க்க சாந்தியின் அம்மா கொஸ்லந்தையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். நீண்ட இருமல் என்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் முதலில் நினைவு வருவது காசநோய்தான். எனக்கும் அதுதான் வந்தது. யாரும் சொல்வதற்கு முன் நானே என் தட்டையும் கோப்பையையும் தனியாக எடுத்து வைத்தேன். முன் காம்பராவில் (லயத்து அறையில்) தனியாகப் படுத்தேன். பிள்ளையைத் தூக்குவதை நிறுத்தினேன். மற்றது எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அது மட்டும் முடியவில்லை. ஒன்பது வருடம் காத்திருந்து, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது மகா கொடுமை.

பதுளை ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே இரண்டும் எடுத்தார்கள். காசநோய் இல்லை. அன்றைக்கு பஸ்ஸைவிட்டு இறங்கி, வழியில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை, நேரே போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். தூக்கிய கையோடு இருமல் வந்தது. நான் குலுங்கக் குலுங்க அவளும் குலுங்கினாள். அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். எனக்கோ மூச்சு அடைத்து, கண் இருட்டி, கை தளர்ந்தது. சாந்தி பாய்ந்து வாங்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. என் மூச்சு ஒழுங்காகும்வரை இனித் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன். சொல்ல வெட்கமில்லை, முன் காம்பராவில் போய் அழுதேன்.

நெஞ்சு நோய்ப் பிரிவில் என்னைப் பார்த்தவர் இளவயது முஸ்லிம் டொக்டர். மெதுவாகப் பேசுவார், ஆனால் குறுக்கு விசாரணையில் பொலிஸ் தோற்றுப்போகும். எனக்கு வந்திருப்பது தொழில்வழி ஆஸ்துமா (வேலையிடத்துத் தூசியால் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குவது) ஆக இருக்கலாம் என்றார். ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும் (நாம் எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று காட்டும் பிளாஸ்டிக் குழாய்) ஒரு கொப்பியும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். காலை, பகல், வேலை முடிந்து, படுக்கும்முன் என நான்கு வேளை ஊதி எழுத வேண்டும்.

மூன்று வாரம் எழுதினேன். டொக்டர் கொப்பியைப் புரட்டினார், நெற்றியைச் சுருக்கினார். காலையில் நல்ல அளவு. பகலில், சலிக்கும் அறை வேலைக்கு நடுவில், கொஞ்சம்தான் குறைவு. வீட்டுக்குப் போன பிறகு பொத்தென்று விழுகிறது.

"ஸ்டோர்ல மாஸ்க் போடுறீங்களா?"

"சாப்பிடுற நேரம் தவிரக் கழட்டவே மாட்டேங்க, டொக்டர்."

அது உண்மை. மகள் பிறந்ததிலிருந்து மாஸ்க் விஷயத்தில் என்னை அடிக்க ஆளில்லை. டீமேக்கர் ஐயாவே (ஸ்டோருக்குப் பொறுப்பானவர்) என்னை மற்றவர்களுக்குக் காட்டிப் பேசுவார்.

"அப்ப வீட்டுலதான் என்னமோ இருக்கு" என்றார் டொக்டர்.

வீட்டில் என்ன இருக்கிறது? விறகு அடுப்பு. அதற்கு மேல், பிள்ளையைக் குளிப்பாட்டியதும் மாமியார் போடும் சாம்பிராணி. தணலில் அள்ளிப் போடுவார், காம்பராவுக்குள் மேகம் இறங்கிவிடும். பிள்ளையின் தலைமுடி காய அதைவிட்டால் வழியில்லை என்பது அவர் கட்சி. நான் போய் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை என்று இப்போது தெரிகிறது.

"அப்ப நான்தான் ஒங்க நெஞ்ச அடைக்கிறேங்கிறீங்களா, மாப்புள? நல்லாயிருக்கு! எம்பது வீட்டுப் புள்ளைக்குப் போட்ட சாம்பிராணி, ஒருத்தரும் இருமல!"

சாம்பிராணி நின்றது. கேஸ் அடுப்பு வந்தது. மாமியார் என்னோடு பேசுவதும் நின்றது. சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். இவ்வளவு செய்தும் கொப்பியில் என் மாலை அளவு ஏறவில்லை. நானும் படியில் நின்று இருமிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு மட்டும் அதில் சந்தோஷம். கீழே என் இருமல் கேட்டால் காலை உதைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறாள் என்று சாந்தி சொன்னாள்.

அடுத்த முறை சாந்தியும் கூட வந்தாள். டொக்டர் கொப்பியை மூடி வைத்துவிட்டு வேறு ஒரு கேள்வி கேட்டார்.

"வேலை முடிஞ்சு மணி அடிக்குது. அதுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவுல என்ன செய்றீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க. சுத்தம் பண்ணிக்கிட்டு வருவேன். பச்சப் புள்ள இருக்கிற வீடு பாருங்க. ஒரு பொட்டுத் தூசி கொண்டுபோக மாட்டேன்."

"எப்படிச் சுத்தம்?"

எழுந்து நின்று செய்து காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். மெஷின்களின் இடுக்கில் படியும் பஞ்சுத் தூசியை அடிக்க ஸ்டோரில் காற்றுக் குழாய் உண்டு. ஆள்மேல் அடிக்கக்கூடாது என்று சுவரில் எழுதித்தான் இருக்கிறது. தூசி கண்ணுக்குள் போய்விடும் என்பதால்தான் அப்படி என்று நாங்கள் நினைத்திருந்தோம், ஆகவே நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். மூட்டை அறையின் மூலையில் நின்று, தலை, காது, சட்டை, சாரம் எல்லாவற்றுக்கும் காற்று அடிப்பேன். கடைசியில் மாஸ்க்கைக் கழற்றி அதற்கும் அடிப்பேன்.

"மாஸ்க்க கழட்டிட்டா?"

"அதுவும் சுத்தமாகணுமில்லீங்களா?"

டொக்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. "எப்ப இருந்து?" என்றார்.

"மக பொறந்த வாரத்துல இருந்து."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சாந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருமல் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

அவர் விளக்கியதை உங்களில் இந்த நோயோடு போராடுபவர்களுக்காக எழுதுகிறேன். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பொடி அப்படியில்லை, நுரையீரலின் அடிவரைக்கும் போகும். நானோ துகள் என்று சொல்கிற மிகமிகச் சிறியவை, விறகுப் புகையிலும் பஸ் புகையிலும் இருப்பவை, அதற்கும் அப்பால் ரத்தத்துக்குள்ளேயே போகக்கூடுமாம். அதனால் கேஸ் அடுப்பு வீண் செலவில்லை. ஆனால் என்னைச் சாய்த்தது தேயிலைப் பொடிதான். துணியில் சும்மா ஒட்டிக்கிடந்ததைக் காற்றடித்துக் கிளப்பி, அந்த மேகத்துக்கு நடுவில் மாஸ்க் இல்லாமல் நின்று, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கியிருக்கிறேன். தினமும், ஒருநாள் விடாமல், பிள்ளைமேல் உள்ள பாசத்தில்.

இன்ஹேலர் (மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்கும் பம்ப்) காலையும் மாலையும். இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், மறக்காதீர்கள், நான் மறந்து வாய்ப்புண் வாங்கினேன். டொக்டரின் கடிதத்தைப் பார்த்து டீமேக்கர் ஐயா என்னைப் பச்சைக் கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு மாற்றினார். அங்கே தூசி இல்லை, நல்ல பச்சை வாசம். காற்றுக் குழாய்க்கு இப்போது பூட்டு. வேலை முடிந்ததும் பீலியில் (மலைத் தண்ணீர் கொட்டும் குழாயில்) குளித்து, மாற்றுச் சட்டை போட்டு வருகிறேன்.

மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டது சிகிச்சையின் கஷ்டமான பகுதி. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "காத்துல குளிச்ச மொத ஆளு நீங்கதான், மாப்புள" என்றார். அன்றைக்குத் தட்டு சத்தமில்லாமல் வந்தது. சாம்பிராணியை மட்டும் திரும்பப் போட விடவில்லை. அந்தத் துணிச்சல் எனக்கில்லை, டொக்டர் பேரில்தான் சொன்னேன்.

கொப்பியில் மெதுவாக அளவு ஏறியது. முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பனிக் காலையில் நெஞ்சு இறுக்கும், பம்ப் எப்போதும் பையில் இருக்கும். ஆனால் மகளுக்குப் பத்து மாதமானபோது அவளைத் தூக்கிக்கொண்டு எண்பத்தாறு படியும் ஏறினேன். நடுப்படியில் இப்போதும் நிற்கிறேன், மூச்சு வந்து போவதைக் கேட்க. நாற்பது வயதுவரை அது எனக்குள் நடப்பதே எனக்குத் தெரியாது. ஒரே மூச்சில் ஏறிவிடும் அவசரமும் போய்விட்டது.

ஒன்று மட்டும் எதிர்பாராதது. இருமாமல் வீட்டுக்குப் போன முதல் நாட்களில், வாசலில் உட்கார்ந்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்த மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு முகம் வாடிவிட்டது.

"அவளுக்கு நீங்க வர்றதே தெரியலீங்க" என்றாள் சாந்தி. "இருமல் சத்தத்த வச்சுத்தான் அப்பான்னு தெரிஞ்சு வச்சிருக்கா. நீங்க வர்ற நேரமானா இப்ப அவளே இருமிப் பாக்குறா, உக்கு உக்குன்னு. கூப்பிடுறாளாம்."

அன்றிலிருந்து நடுப்படியில் நின்று, நெஞ்சு நிறைய இழுத்து, சீழ்க்கை அடிக்கிறேன். மேலேயிருந்து ஒரு குட்டி இருமல் பதில் வருகிறது.