பெட்டியைத் திறந்து வைத்த பகல்

ஊரில் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர். பழுது பார்த்த இஞ்சினுக்கு அடியில் வெள்ளைத்தாளை விரித்து ஓடவிடுவார். தாளில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் சாமானை உரியவரிடம் கொடுக்கமாட்டார்.

"ஒழுகினா என் பேரு கெட்டுப்போயிடும்" என்பார்.

"ஒழுகாம இருந்து மட்டும் பெரிய பேரு வாங்கிட்டீங்களாக்கும்! சொட்டாம், சொட்டு!" என்பாள் மனைவி.

அப்படிச் சிரித்தவள்தான் இப்போது மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தாள். நுரையீரல் சுருங்கிவிட்டது, இனி மருந்தில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கட்டிலருகே இருந்த ஆக்சிஜன் மெஷின்தான் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. மின்சாரம் போனால் அந்த மெஷினை ஓட்டுவது, தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் சந்தில் இருந்த சின்ன ஜெனரேட்டர்.

அவள் குரல் நூலாய் இளைத்திருந்தது. ஜெனரேட்டர் அலறினால் ஒரு வார்த்தை காதில் விழாது. அதனால் அவர் பலகையில் ஒரு பெட்டி செய்து, உட்புறம் முழுக்க பழைய மெத்தையின் ஸ்பாஞ்சை ஒட்டி, இஞ்சினை உள்ளே வைத்து மூடினார். காற்றுக்கு ஓரங்களில் துளை. புகைக்கு வெளியே நீளும் குழாய். அலறல் முனகலானது. கரண்ட் இல்லாத நேரத்திலும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அன்றிலிருந்து இஞ்சின் எண்ணெய் கக்கத் தொடங்கியது. சுழலும் தண்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை மாற்றினார். ஒழுகியது. மறுபடி மாற்றினார். மறுபடி ஒழுகியது. ஊரார் இஞ்சினையெல்லாம் சொஸ்தமாக்கிய கைக்குத் தன் வீட்டு இஞ்சின் அடங்கவில்லை. எண்ணெய் வற்றினால் அது இறுகி நின்றுவிடும். அது நின்றால் அவள்?

ஒருநாள் காலையில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மதியத்துக்குள் பெட்டிக்கடியில் எண்ணெய் குளம் கட்டிவிட்டது. இஞ்சினை நிறுத்தியே ஆகவேண்டும். அவள் தம்பி சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைத் தோளில் சுமந்து ஓடிவந்தான்.

"மாமா, இது ரொம்ப நேரம் தாங்காது. கிடைச்சது இது ஒண்ணுதான்."

"தெரியும்டா. பேசாம அக்காவுக்கு மாட்டிவிடு."

அலமாரியில் இருந்த அவளுடைய முகப்பவுடர் டப்பாவை எடுத்தார். கட்டிலிலிருந்து கண்கள் அவரைத் தொடர்ந்தன.

"ஏங்க... இஞ்சினைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"ஆமா. உன்னைவிட லட்சணமா இருக்க வேணாமா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. அவர் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சந்துக்குப் போனார்.

இஞ்சினை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, துடைத்து, மேலெல்லாம் பவுடரைத் தூவி, ஓடவிட்டார். கசியும் இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் எங்குமே நனையவில்லை. இஞ்சினை நிறுத்தினார்.

"சரியாயிடுச்சா மாமா?"

"நேத்தும் இதே கூத்துதான். திறந்து வச்சா ஒழுகல. மூடினா ஒழுகுது."

சொன்ன பிறகே அது அவருக்கு உறைத்தது. பெட்டியின் மூடியைப் புரட்டினார். ஸ்பாஞ்சில் விரல் பருமனுக்கு ஒரு பள்ளம். இஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் ரப்பர் குழாய் அழுந்திய தடம் அது. மூடும்போதெல்லாம் குழாய் மடங்கி அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத அழுத்தம் எண்ணெயைச் சீல் வழியே தள்ளியது. திறந்ததும் குழாய் நிமிர்ந்து, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் நின்றது.

"நானே அதோட கழுத்தை நெரிச்சிருக்கேன்டா..."

குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பி, மூடாமலே ஓடவிட்டு, ஆக்சிஜன் மெஷினைப் போட்டார். அதற்குள் சிலிண்டரில் அளவு காட்டும் முள் அடிக்கு வந்திருந்தது.

"ஸ்பாஞ்சைக் கொஞ்சம் வெட்டிட்டு மூடிடலாமே மாமா? காது கிழியுது" என்று தம்பி கத்தினான்.

"மூடி, மறுபடி தள்ளிடுச்சுன்னா? சோதிச்சுப் பாக்க இன்னொரு சிலிண்டர் இருக்கா? கரண்ட் வரட்டும்."

வீடு அதிர்ந்தது. அவள் விரலசைத்து அவரை அழைத்தாள். உதடுகள் அசைந்தன. அவர் காதை அவள் வாயோடு வைத்தார். வெப்பம் மட்டும் பட்டது. சொல் ஒன்றும் வரவில்லை. அவள் இரு விரல்களைச் சேர்த்துச் சாவி திருப்புவதுபோல் காட்டினாள். நிறுத்துங்கள், ஒரே ஒரு நிமிடம்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "கரண்ட் வந்ததும் பேசலாம்!"

அவள் மறுபடியும் விரலைத் திருப்பிக் காட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கிப் போர்வைக்குள் வைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.

பொழுது சாயும் வேளையில் தெருவிளக்குகள் எரிந்தன. அக்கம்பக்கத்தில் ஆரவாரம். அவர் மெஷினைக் கரண்டுக்கு மாற்றி, சந்துக்கு ஓடி இஞ்சினை நிறுத்திவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லும்மா."

மெஷின் குழாய் வழியே காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. அதை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

தம்பி அவர் தோளைத் தொட்டான். "மாமா..."

"சும்மா இருடா. அவ என்னமோ சொல்ல வந்தா" என்று அவனை அதட்டிவிட்டு, அவர் இன்னும் நெருங்கிக் குனிந்தார்.