பச்சைப் பட்டி ஒட்டிய பிஸ்டல்

குமுதினியின் இடக்கை அம்பலவாணனின் கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்தது. வலக்கை ரேசரை மேலிருந்து கீழாக இறக்கிக்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்த பிறகு அவருடைய வாயின் வலது ஓரம் தொங்கிவிட்டது. அந்த இடத்தில் தோலை இறுக்கிப் பிடிக்காவிட்டால் வெட்டிவிடும்.

"அண்ணை, கன்னத்தை உப்புங்கோ."

"உப்ப ஏலாது எண்டு தெரிஞ்சுகொண்டு கேக்கிறாய்."

"இவ்வளவு கதைக்க ஏலுமெண்டா உப்பவும் ஏலும்."

அடுப்படியிலிருந்து அவருடைய மனைவி அருள்மலர் சிரித்தார். "நல்லாக் குடு குமுது. நான் சொன்னா மூஞ்சையைத் திருப்புற மனிசன்."

லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் இருந்த அந்த வீட்டுக்குக் குமுதினி கிழமையில் ஐந்து காலை வந்துபோவாள். பராமரிப்பு நிறுவனம் அனுப்பும் வேலைதான். ஆனாலும் அம்பலவாணன் பெயர் பட்டியலில் வந்த அன்று, வேறு யாரும் போகவேண்டாம், நான் போகிறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். சுவிஸில் அவளுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர் அவர். இருவரும் லண்டனுக்கு வருமுன் பத்தொன்பது வருடம் அங்கே ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள்.

அந்த வேலையைச் சொன்னால் லண்டனில் யாரும் இலேசில் நம்புவதில்லை. கைத்துப்பாக்கிகளை இறக்குமதி செய்யும் ஒரு சிறிய பட்டறை. அதன் நிலக்கீழ் அறையில் சுடுதளம். குமுதினி அங்கே பிஸ்டல்களைச் சுட்டுச் சோதிப்பவள். ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்தவள், காதை மூடிக்கொண்டு ஒரு நாளைக்கு இருநூறு ரவை சுடுவாள். கலியாண வீடுகளில் பெண்கள் கேலி பண்ணுவார்கள்.

"துவக்குக்குப் பயந்துதானே எல்லாரும் ஓடி வந்தனாங்கள். நீ துவக்குக்கே வேலை செய்யிறியோ?"

"கோழி வெட்டுற கடையில நிண்டாலும் ஏதாவது சொல்லுவியள்," என்பாள்.

வேலைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது நிதானம் ஒன்றுதான். தானாக ரவை ஏற்றும் பிஸ்டலில் ஒவ்வொரு வெடிக்கும் மேற்பகுதி பின்னால் போய், வெற்றுக்கோதை வெளியே எறிந்து, திரும்பி வரும்போது அடுத்த ரவையை எடுத்துக்கொள்ள வேண்டும். கோது வாயில் நிமிர்ந்து நின்றுவிட்டாலும், அடுத்த ரவை ஏறாவிட்டாலும் அது ஒரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எத்தனையாவது ரவை, என்ன நடந்தது, காரணம் எது என்று எழுதவேண்டும். காரணங்கள் நான்கு: ரவை, ரவை அடுக்கும் மகசின், பிஸ்டல், கை. கை என்பது சுடுபவரின் மணிக்கட்டு. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் பிஸ்டல் முழுவதுமே கையோடு பின்னால் போகும். மேற்பகுதிக்கு உதைக்க உறுதியான இடம் இல்லாமல் பாதியில் நின்றுவிடும்.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு ஒரு காவல் நிறுவனம் தன் ஆட்களுக்கு பிஸ்டல் வாங்க நினைத்து, நான்கு உற்பத்தியாளர்களின் பிஸ்டல்களை ஒப்பிட்டுத் தரும்படி பட்டறையைக் கேட்டது. சுடுபவருக்கு எது யாருடையது என்று தெரியக்கூடாது. அதனால் நான்கின் பெயர்களையும் நிறப் பட்டி ஒட்டி மறைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் ரவை. சுட்டவள் குமுதினி. நீலம் இரண்டு தடவை நின்றது. வெள்ளை மூன்று. மஞ்சள் ஐந்து. பச்சை முப்பத்தொரு தடவை நின்றது. பச்சைக்கு நேரே காரணப் பத்தியில் அவள் 'பிஸ்டல்' என்றே எழுதினாள்.

ஒரு கிழமை கழித்து மேற்பார்வையாளரான அம்பலவாணன் அவளைத் தேநீர் மேசைக்குக் கூப்பிட்டார். பச்சையின் சுருள்வில் கடினமானது, உறுதியான கை வேண்டும், உன்னுடைய மணிக்கட்டு தளர்ந்துவிட்டது என்றார். அப்படியென்றால் மற்ற மூன்றும் ஏன் இத்தனை தடவை நிற்கவில்லை என்று அவள் கேட்டாள்.

"மெல்ல மெல்ல அதுகளும் நிக்கும், பிள்ளை. தளர்ச்சி எண்டது ஒரே நாளில வாறதில்லை."

பிறகு ஒரு தாளை நீட்டினார். அது டொச்சில், ஜெர்மன் மொழியில், இருந்தது. அவளுக்கு டொச் வாசிக்கத் தெரியும். ஆனால் அந்தப் பட்டறையின் ஒன்பது தமிழரும் அண்ணை நீட்டும் தாளை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. முதல் வந்தவர், எல்லோருடைய விசாக் கடிதத்தையும் வாசித்துச் சொன்னவர் அவர். அவர் முன்னால் வைத்து வாசிப்பது அவரைச் சந்தேகப்படுவது போல. குமுதினி அவர் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டாள். மாத முடிவில் வேலை போய்விட்டது.

மருத்துவர் ஒருவர் கையை மடக்கி நிமிர்த்திப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். அவர் பார்த்தது ஐந்து நிமிடம், அண்ணை பார்த்தது பத்தொன்பது வருடம் என்று நினைத்தாள். லண்டனுக்கு வந்து பராமரிப்புப் பயிற்சி எடுத்தபோது, வலது மணிக்கட்டில் பலம் குறைவு என்று படிவத்தில் தானே எழுதிக் கொடுத்தாள். அதனால் ஆட்களைத் தூக்கி இறக்கும் ஹொய்ஸ்ட் இயந்திரத்தில் அவளுக்குப் பயிற்சியோ வேலையோ தரவில்லை. மேற்பார்வையாளராக வரவேண்டுமென்றால் அந்தப் பயிற்சி கட்டாயம். அவளுக்குப் பின்னால் வந்த நான்கு பேர் அவளுக்கு மேலே போனார்கள்.

அன்று முகம் மழித்து முடிந்ததும் அருள்மலர் ஒரு கடிதத்தையும் பழைய கோப்பு ஒன்றையும் கொண்டுவந்தார்.

"சுவிஸ் பென்சன்காரர் எந்த வருசத்தில இருந்து எந்த வருசம் மட்டும் வேலை எண்டு கேக்கினம். இவருக்கு எழுத்துக் கலங்குது. நீ டொச் வாசிப்பாய்தானே."

"தாங்கோ அக்கா."

அம்பலவாணன் தலையை நிமிர்த்தினார். "அதை விடு. பிறகு பாப்பம்."

"பிறகு பிறகெண்டு மூண்டு கிழமையாச்சு," என்று சொல்லிவிட்டு அருள்மலர் அடுப்படிக்குப் போனார்.

குமுதினி வேலைச் சான்றிதழைத் தேடித் தாள்களைப் புரட்டினாள். சம்பளச் சீட்டுகளுக்கு நடுவில் தன்னுடைய எழுத்தைக் கண்டாள். நீலம், வெள்ளை, மஞ்சள், பச்சை. அதற்குப் பின்னால் அம்பலவாணனின் எழுத்தில் இன்னொரு தாள். பச்சைப் பிஸ்டலை மனிதக் கை படாமல் இரும்புப் பிடியில் பூட்டி மறுபடி இரண்டாயிரம் ரவை சுட்டிருந்தார்கள். நிறுத்தம் இருபத்தொன்பது. காரணம்: பிஸ்டல். மூன்றாவது தாள் அவள் கையெழுத்திட்டது. பச்சையின் நிறுத்தங்கள் அனைத்துக்கும் தன் கைத் தளர்ச்சியே காரணம் என்று அவளே ஒப்புக்கொண்டதாக அதில் இருந்தது. அவள் திகதிகளைப் பார்த்தாள். இரும்புப் பிடிச் சோதனை, அவள் கையெழுத்திட்டதற்கு நான்கு நாள் முன்பே முடிந்திருந்தது.

அவள் அந்த மூன்று தாள்களையும் மேசையில் அடுக்கி வைத்தாள்.

"அண்ணை, இது என்ன?"

அவர் அணைத்திருந்த தொலைக்காட்சியைப் பார்த்தார். "பழங்கதை, பிள்ளை."

"பழசோ புதுசோ, இருபத்தொன்பது எண்டு கிடக்கு. உங்கட எழுத்து."

"பச்சை எங்கட பட்டறை இறக்குற சாமான். அது தோத்தா கடையைப் பூட்டுவன் எண்டு முதலாளி சொன்னவன். ஒன்பது தமிழ்ச் சனம், அதுகளின்ர பிள்ளைகுட்டி. ஆரின்ரையோ தலையில போடத்தானே வேணும்."

"ஏன் என்ர தலை?"

அவர் கொஞ்சம் மூச்செடுத்தார். பேச்சு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் தெளிவாக வந்தது. "மற்றச் சோதினைக்காரர் ரெண்டு பேரும் ஆம்பிளையள். ஆம்பிளையின்ர கை தளர்ந்து போச்செண்டா ஆர் நம்புவினம்? நீ எண்டா நம்புவினம். நீயும் நம்புவாய்."

குமுதினி துவாயை எடுத்து மடித்தாள். மடித்ததை மறுபடி விரித்தாள்.

"என்ர கையில பிழை இல்லை எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே."

"என்னட்டச் சொல்லியிருக்கலாம். கடை பூட்டுப்படப் போகுது, நீ விலகு எண்டு கேட்டிருந்தாலும் விலகியிருப்பன்."

"விலகியிருப்பாய். கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாய். அவங்களுக்குக் கையெழுத்துத்தான் வேணும்."

அருள்மலர் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "என்ன, என்ன நடந்தது? பென்சன் இல்லையாமோ?"

"பென்சனுக்குப் பிழை ஒண்டும் இல்லை, அக்கா," என்றாள் குமுதினி. கணவரின் முகத்தைப் பார்த்த அருள்மலர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காததிலிருந்து, அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று குமுதினி விளங்கிக்கொண்டாள்.

வேலைக்காகச் சொன்ன பொய் என்றால் அது அன்றோடு முடிந்திருக்கும். அவளைப் பிடித்து உலுப்பியது வேறொன்று. ஒன்பது வருடத்துக்கு முன், மகள் தாரகாவுக்குக் குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு. வீடு நிறையச் சனம். குமுதினி பேரனை மேல்மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு வரப் படியில் காலை வைத்தாள். கீழே நின்ற அம்பலவாணன் எல்லோருக்கும் கேட்கக் கூவினார்: "குமுது, வேண்டாம்! உன்ர கை தெரியும்தானே. பிள்ளையை வேற ஆரிட்டையும் குடு." மருமகனின் தாய் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். எவ்வளவு கரிசனை என்று அன்று குமுதினி அவரை நன்றியோடு நினைத்தாள். அதன்பிறகு அவள் பேரனை ஒருநாளும் படியில் தூக்கியதில்லை. இருந்தபடி மடியில் வாங்குவாள். அவ்வளவுதான். இப்போது அவனுக்கு ஒன்பது வயது. தூக்குகிற காலம் போய்விட்டது.

"பேரன்ர முப்பத்தொண்டு அண்டு படியில வைச்சுச் சொன்னனீங்களே," என்றாள். "அங்க எந்த முதலாளி நிண்டவன்?"

அவருக்கு அது ஞாபகம் இருந்தது. முகத்தில் தெரிந்தது.

"ஒருக்காச் சொன்னதை மாத்திச் சொல்லக்கூடாது, பிள்ளை. மாத்தினா ஆக்கள் யோசிப்பினம்."

குமுதினி மூன்று தாள்களையும் கைபேசியில் படமெடுத்தாள். வேலைச் சான்றிதழைத் தேடி எடுத்தாள். பென்சன் படிவத்தில் வருடங்களை எழுதி, கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தாள். தண்ணீர்ப் போத்தலை அவருடைய இடக்கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். வழக்கமாகப் போகும்போது சொல்லும் 'வாறன் அண்ணை' அவளுடைய வாயில் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நிறுவனத்தின் மேலாளர் தர்சிகனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தம்பி, அம்பலவாணன் வீட்டுக்கு இண்டையில இருந்து வேற ஆளை அனுப்பு."

"என்ன அன்ரி, பிரச்சினையோ? அங்கிள் உங்களைத்தான் கேப்பார்."

"கேக்கட்டும். எட்டரைக்குப் பிரஷர் குளிசை. விழுங்கேக்க தலை முன்னுக்குச் சரிஞ்சிருக்க வேணும், இல்லாட்டிப் புரையேறும். போறவருக்கு அதைச் சொல்லு. மற்றது, என்ர பைலில மணிக்கட்டு எண்டு ஒரு குறிப்பு இருக்கு. அதை எடுத்துவிடு."

"எடுக்கலாம் அன்ரி. ஆனா டொக்டர் லெட்டர் வேணும். இப்ப கை சுகமோ?"

"ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. லெட்டர் நாளைக்குக் கொண்டு வாறன். ஹொய்ஸ்ட் பயிற்சி எப்ப?"

"இண்டைக்குப் பத்து மணிக்கு ஒண்டு இருக்கு. லெட்டர் வராமல் வேலைக்கு விட ஏலாது. வந்து பழகலாம். அறுபத்திரண்டு வயசில உங்களுக்கு இது தேவையோ?"

"பேரைப் போடு."

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க, பயிற்சி நடக்கும் குரோய்டனில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். பயிற்றுநர் பெரிய உடம்புக்காரர். கட்டிலில் தானே படுத்துக் காட்டினார். குமுதினி அவரைச் சரித்து, துணிக்கச்சையை முதுகுக்குக் கீழே தள்ளி, கொக்கிகளை ஹொய்ஸ்டில் மாட்டி, மெல்ல உயர்த்தி, வலக்கையால் அவருடைய முழங்காலைத் தாங்கியபடி சக்கர நாற்காலியில் இறக்கினாள். கூட வந்தவர்கள் ஆளுக்கு ஒரு தடவை செய்தார்கள். அவள் நான்கு தடவை செய்தாள்.