ஒரு தட்டு கூடிப்போச்சு

மதுரையிலிருந்து பேரையூருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்றரை மணி நேரம் என்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அதைப்போல இரண்டு பங்குக்கு மேலேயே ஆனது. வண்டி பஞ்சர் ஆகவில்லை. சாலை மறியல் இல்லை. மழையும் இல்லை. பிறகு?

தட்டு. சீர்த் தட்டு.

என் மனைவி வசந்திக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தங்கை கவிதா வாக்கப்பட்டது பேரையூரில். அவளுடைய இரண்டு வயது மகளுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் ஹீரோ. அவன் கொண்டுவரும் புதுத்துணியை உடுத்தி, அவன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொள்ளும். பிள்ளையைப் பெற்ற அப்பன் அன்றைக்குப் பந்தி விசாரிக்கலாம்... அவ்வளவுதான்.

தாய்மாமன் முத்து கோரிப்பாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இந்த மடி விஷயத்தில் அவனுக்கு ஒரு பழைய காயம் உண்டு. கவிதாவின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது இவன் துபாயில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. பேரையூரிலேயே குடியிருக்கும் கவிதாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை, 'இவரும் மாமன் முறைதானே' என்று உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் போட்டோ பெரிதாக்கப்பட்டு, பிரேம் போட்டு, கவிதா வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே தொங்குகிறது.

"அங்க போனா டிவி பாக்கவே முடியல மாமா. கண்ணு மேலதான் போகுது" என்பான் முத்து.

கவிதாவுக்கு இரண்டு பிள்ளைகள் போதும் என்று ஆகிவிட்டது. ஆக, இதுதான் கடைசி மடி.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் காது குத்தியாக வேண்டும். கவிதாவின் மாமியார் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார். "வெள்ளனா வந்துருங்கப்பா. இல்லாட்டி மாமன் முறைக்கு இங்கனயே ஆள் இருக்கு."

கரண்ட் பில் கட்டச் சொல்கிற குரலில்தான் சொன்னார். முத்து அன்று சரியாகத் தூங்கவில்லை.

எட்டரைக்கு வேன் கிளம்பியது. ஓட்டுநர் சிக்கந்தர் பாய், முத்துவின் கடைக்கு எதிர்வீட்டுக்காரர். "இன்ஷா அல்லாஹ், பத்து மணிக்கு இறக்கி விட்டுர்றேன் மாப்ள" என்றார். பின்னால் பதினோரு சீர்த் தட்டுகள். துணி, வளையல், பழம், லட்டு என்று எல்லாம் கண்ணாடித்தாள் சுற்றி மினுமினுத்தன. சீர் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். இது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பழங்காநத்தத்தில் சின்னம்மாவை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. என் மாமியார் உயிரோடு இல்லை. அந்த இடத்தில் இருப்பவர் அவருடைய தங்கையான இந்தச் சின்னம்மாதான். தெருமுனையில் நின்றார். கையில்... ஒரு தட்டு. நடுவில் நிமிர்ந்து நிற்கும் அன்னாசி, சுற்றிலும் ஆப்பிள்.

வசந்தியின் உதடு எண்ணத் தொடங்கியது. "பன்னெண்டாச்சே சின்னம்மா..."

"அதுக்கு? எங்கக்கா பேத்தி காதுகுத்துக்கு நான் கையை வீசிக்கிட்டா வருவேன்?"

"இல்ல, ரெட்டப்படையா இருக்கேன்னு..."

"அப்ப என் தட்டைக் கலைக்கணும்ங்கிற?"

இரண்டு தட்டை ஒன்றாக்கலாம் என்று யோசனை சொல்ல வாயெடுத்தவன் நான். மூடிக்கொண்டேன். கொஞ்சம் தள்ளிப் போனதும், "பேரையூர்ல இறங்குறப்ப ஒரு தட்டை வேன்லயே விட்டுட்டா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

வசந்தி திரும்பினாள். "வீட்டை விட்டுக் கிளம்புன சீரைத் திருப்பிக் கொண்டு வாரதா? நல்லா இருக்குங்க உங்க ரோசனை."

ஒரே வழிதான். இன்னொரு தட்டு வாங்குவது.

திருமங்கலத்தில் நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை காலை. பாத்திரக்கடை ஷட்டர் பாதி திறந்திருந்தது. முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். அவர் டீயை எப்படிக் குடித்தார் என்று பார்க்க வேண்டுமே... பாயசம் குடிப்பதுபோல ரசித்து, ஊதி ஊதி. முத்து எதிரே நின்று அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கவிதாவிடமிருந்து போன். "அண்ணே, எங்க வாரீங்க?"

"கள்ளுப்பட்டி வந்துட்டோம் கவி."

கள்ளுப்பட்டி திருமங்கலத்துக்கு அடுத்த பெரிய ஊர். கவனித்திருக்கிறீர்களா? விசேஷத்துக்குப் போகிற எந்த வண்டியும் இருக்கிற ஊரைச் சொல்லாது. அடுத்த ஊரைத்தான் சொல்லும். வீட்டில் குளித்துக்கொண்டிருப்பவர் 'பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்' என்பார். பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் 'பஸ் ஏறிட்டேன்' என்பார். யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை. உடம்பு இங்கே இருந்தாலும் மனசு அங்கே போய்விட்டது, அதனால் மனசு இருக்கிற ஊரைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

போனை வைத்த முத்து சிரித்தான். "இப்பத்தான் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறாளாம். நமக்கு மேல இருக்கா இவ."

தட்டு வாங்கி, தேங்காய் பழம் அடுக்கி, ஒற்றைப்படை ஆயிற்று. வேனில் ஏறப்போகும்போது, "ஏய் வசந்தி!" என்று ஒரு குரல். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவளாம். கட்டிக்கொடுத்தது இதே ஊர். என்ன விசேஷம், எங்கே, யாருக்கு என்று அத்தனையும் கேட்டாள். பிறகு "ஒரு நிமிசம் இரு" என்று பேக்கரிக்குள் ஓடினாள். வரும்போது அவள் கையில் தட்டு நிறைய பிஸ்கட்டும் சாக்லேட்டும். "கவிதா பிள்ளைன்னா எனக்கும் பிள்ளைதாண்டி!"

அன்புக்கு ஒற்றை ஏது, இரட்டை ஏது?

மறுபடி கள்ளுப்பட்டியில் நிறுத்தினோம். கவிதாவிடமிருந்து போன். முத்து, "பேரையூர் எல்லைக்கு வந்துட்டோம்" என்றான். அவள், "பிள்ளைக்கு இப்பத்தாண்ணே சீயக்கா போடுறேன், மெதுவா வாங்க" என்றாள். "எண்ணெய் தேச்சு எம்புட்டு நேரமாச்சு! இவ வேலையே இப்படித்தான்" என்று அலுத்துக்கொண்டே முத்து இன்னொரு தட்டுக்கு அலைந்தான். கிடைத்தது. பூவும் வெற்றிலையும் வைத்து ஒற்றைப்படை ஆக்கினோம். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

எல்லாரும் ஏறியாகிவிட்டது. ஓட்டுநரைக் காணோம்.

எதிர்க்கடையிலிருந்து சிக்கந்தர் பாய் வந்தார். கையில் ஒரு தட்டு. பேரீச்சம்பழமும் முந்திரியும். "எல்லாரும் வைக்கிறாங்க. நான் மட்டும் சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு வந்தா நல்லாவா இருக்கும்? என் பேர்லயும் ஒண்ணு பிள்ளைக்கு."

வேண்டாம் என்று சொல்ல எந்த வாய்க்குத் துணிவு வரும்? முத்து அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "ரொம்ப சந்தோசம் பாய்" என்றான். குரல் உடைந்திருந்தது. சந்தோஷத்திலா, வேறு எதிலா என்பது அவனுக்குத்தான் தெரியும்.

வேன் ஓடியது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, காய்ந்த கரிசல் மண். இனி கடையே கிடையாது. முத்து கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எட்டி, தான் வாங்கிய லட்டுத் தட்டை மடியில் வைத்துக் கண்ணாடித்தாளைக் கிழித்தான்.

"என்னடா பண்ற?" என்றாள் வசந்தி.

"வண்டியில விடக் கூடாது. திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. தின்னா தப்பில்லைல? எடுங்க. ஊர் வாரதுக்குள்ள தட்டுல ஒண்ணுகூட இருக்கக் கூடாது. பாய், வாயைத் திறங்க."

அடுத்தவர் தட்டைத் தொடாமல் தன் தட்டை அழித்தான் பாருங்கள்... அங்கேதான் அவனை எனக்குப் பிடித்தது. ஆனால் லட்டு பெரிய சைஸ். சர்க்கரை இருப்பதாக மருத்துவர் சொன்ன நானே மூன்று தின்றேன். சின்னம்மா பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டுச் சப்பிக்கொண்டே வந்தார். காலித் தட்டு சீட்டுக்கு அடியில் போனது.

நாங்கள் இறங்கும்போது பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பந்தலில் ஆசாரி ஊசியோடு தயார். நடு நாற்காலியில், புது வேட்டி கட்டி, தலையைச் சீவி, ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே ஒன்றுவிட்ட அண்ணன்.

"வா முத்து, வா வா" என்றார் அவர். எழுந்திருக்கவில்லை.

கவிதாவின் மாமியார் தட்டுகளை விரல்விட்டு எண்ணினார். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு நெற்றி சுருங்கியது. "ஏம்ப்பா, லட்டுத் தட்டைக் காணோம்?"

வசந்தி வளையல் தட்டை முன்னால் நகர்த்தி வைத்தாள். சின்னம்மாவால் வாயைத் திறக்கவே முடியாது. வாயில் கடைசி லட்டு இன்னும் கரைந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, பின்கட்டிலிருந்து கவிதா வந்தாள். இடுப்பில் துண்டு சுற்றிய பிள்ளை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அண்ணே, துணியக் குடு. இப்பத்தான் குளிப்பாட்டி முடிச்சேன்."

"விடிஞ்சதுல இருந்து ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுறா. நானும் நாலு பெத்தவதான், இப்படி ஒரு குளியலைப் பாத்ததில்ல" என்றார் மாமியார்.

மாமன் கொண்டுவந்த துணியைப் போட்ட பிள்ளை மாமன் மடியில்தானே உட்கார வேண்டும்? ஒன்றுவிட்ட அண்ணன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு எழுந்தார். முத்து உட்கார்ந்தான்.

ஊசியைக் கண்டதும் பிள்ளை கையை வீசும் என்று முத்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் அப்படியே உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். பக்கத்தில் நின்ற நானும் பார்த்தேன். பத்து விரலும் தண்ணீரில் ஊறிச் சுருங்கி, வெளுத்துப்போய், உலர் திராட்சை மாதிரி இருந்தன.

முத்து தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தான். "எம்புட்டு நேரம்டி தண்ணியில வச்சிருந்த?"

கவிதா குனிந்து பிள்ளையின் கவுனைச் சரிசெய்தாள். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "நீ கள்ளுப்பட்டின்னா திருமங்கலம்னு எனக்குத் தெரியாதாண்ணே? மீசையத் தொடைச்சுக்க. லட்டு ஒட்டியிருக்கு."

டிவிக்கு மேலே இப்போது இரண்டு போட்டோ தொங்குகிறதாம். முத்து இனி அங்கே நிம்மதியாக டிவி பார்க்கலாம்.

மறுநாள் பிள்ளைக்கு நல்ல ஜலதோஷம். ஒற்றைத் தும்மல் ஆகாது என்று மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாராம்... அது மட்டும் இரட்டைப்படையில் வர வேண்டுமாம்!