காவிக்குழிக்கு ஒரு மாப்பிள்ளை விசாரணை

அண்ணன் மோட்டார் சைக்கிள் வாங்கியது ராணுவ ஏலத்தில். சண்டை முடிந்தபின் இனி உதவாது என்று பட்டாளம் கழித்துப் போட்ட வண்டி. ஜப்பான்காரனைத் துரத்திய வண்டி என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஜப்பான்காரன் எப்படித் தப்பித்தான் என்பது அதில் ஒரு தடவை ஏறியவர்களுக்குப் புரியும். எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் மூன்று தரம் நிற்கும். ஸ்டாண்டு உடைந்திருந்ததால் அவர் இறங்கும்போதெல்லாம் யாராவது வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனதை அம்மா பாசம் என்று நினைத்தாள். நான் ஸ்டாண்டாகப் போனேன்.

போவது நார்த்தாமலை மாரியம்மன் கோவிலுக்கு என்று வீட்டில் பேச்சு. உண்மையான வேலை வேறு. மலைக்கு அங்கிட்டு, பொட்டல் காட்டுக்குள் ஒரு காவிக்கல் சுரங்கம் இருந்தது. அங்கே கணக்கெழுதும் ரைட்டராக இருந்த ஒருவரின் ஜாதகத்தைத் தரகர் கொண்டுவந்திருந்தார். "சுரங்கமே அவரு கையிலதான் இருக்குங்க" என்று தரகர் சொன்னதில் அப்பா மயங்கிவிட்டார். பதிலுக்கு என் ஜாதகமும் போயிருந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். எண்ணிக்கையில் குறை வரக்கூடாது என்று அப்பா ஒரு ஜோசியரைப் பிடித்து, இருபத்துநாலு வயதான என்னை இருபத்திரண்டாக எழுதி வாங்கி அனுப்பியிருந்தார்.

அதற்கு முன் மூன்று கூட்டம் வந்து கேசரி தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போயிருந்தது. தபால்காரரைக் குறை சொல்ல முடியாது. மற்ற கடிதமெல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. இந்த இடமும் தட்டிப்போனால், இரண்டாம் தாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மில்காரருக்கு என்னைக் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. அவருடைய மூத்த மகள் என்னைவிட ஆறு வயது சின்னவள். பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும் என்று அத்தை எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலைக் கேட்டபின் நான் பல ராத்திரி தூங்கவில்லை.

மாப்பிள்ளை விசாரிக்க ஒரு முறை உண்டு. பெண் வீட்டார் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. வேறு வேலையாக வந்தவர் மாதிரி கடைத்தெருவில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம். அப்பா கேள்விகளைத் தாளில் எழுதி அண்ணன் சட்டைப் பையில் வைத்து அனுப்பியிருந்தார்.

அம்மனுக்கு அவசரமாக ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மலையைத் தாண்டி வண்டிப்பாதையில் இறங்கினோம். அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதனால் பள்ளம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. எல்லாம் எனக்குத்தான் பட்டது. எதிரே வந்த மாடுகள் மிரண்டன, மாட்டுக்காரர்கள் அதைவிட மிரண்டார்கள். கடைசி இரண்டு மைல் மரமில்லை, குடிசையில்லை, செம்மண்ணும் காரைமுள்ளும்தான். போய்ச் சேர்ந்தபோது என் பச்சைப் புடவை என்ன நிறத்தில் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அங்கே நாலு பேர் இல்லை. கடைத்தெருவும் இல்லை. கூரை போன கூலிக்காரர் வீடுகள் ஒரு வரிசை, துருப்பிடித்த தண்டவாளத்தில் கவிழ்ந்து கிடந்த தள்ளுவண்டி ஒன்று, நடுவில் ஊரையே போட்டு மூடலாம் என்கிற அளவுக்குச் சிவந்த ஒரு பெருங்குழி. ஓட்டுக் கட்டடம் ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. அதன் முன்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டிதான், ஆனால் காவியாகத்தான் காய்ந்தது. மாப்பிள்ளை தேடிப் போன இடத்தில் ஒரு சாமியார். தரகர் சொன்னதில் பொய்யில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. ஆட்கள் எல்லோரும் போய்விட்ட பிறகு, மிச்சமிருக்கிற ரைட்டர் கையில்தானே சுரங்கம் இருக்கும்?

அண்ணனுக்குப் புரியவில்லை. வீடு கட்டக் கல் பார்க்க வந்ததாக ஆரம்பித்தார். இங்கே ரைட்டர் ஒருத்தர் இருக்கிறாராமே என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த மனிதர் அண்ணனைப் பார்த்தார், வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். ரைட்டர் குளத்தூர் வரைக்கும் போயிருக்கிறார் என்றார். பிறகு வண்டியை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, இந்த வெயிலில் சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்காரவைத்துவிட்டார். சோறும் ரசமும். ரசம் வெளுத்திருந்தது. சந்தைக்குப் போய் மூன்று வாரமாகிறது, மஞ்சத்தூள் தீர்ந்துவிட்டது என்று கூச்சத்தோடு சொன்னார்.

சாப்பிட்டுத் தண்ணீர் மொள்ள உள்ளே போனேன். மேஜை மேல் ஒரு காவிக்கல், அதற்கு அடியில் நாலு மூலையும் மஞ்சள் தடவிய ஒரு தாள். மேலே அப்பாவின் கையெழுத்தில் என் பெயர். அடிக்கடி எடுத்துப் பார்த்ததில் ஓரமெல்லாம் சிவப்புக் கைரேகை. செம்பை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். தன்னைப் பற்றிய விசாரணைக்குத் தானே சாட்சியாக வந்து உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

வெளியே அண்ணன் தாளை மடியில் மறைத்துவைத்துக்கொண்டு, பரீட்சையில் காப்பியடிக்கிறவர் மாதிரி குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். குடி உண்டா? இல்லையாம். சீட்டு? ஆட ஆள் வேண்டுமே என்றாராம். குணம்? கோபம் வரும், ஆனால் இங்கே மேய வருகிற ஆடுகள் மேல் எவ்வளவு நேரம் கோபப்படுவது என்றாராம். அண்ணன் திருப்தியாகத் தாளை மடிக்கப் போனார்.

"இன்னொண்ணுங்க" என்றார் அந்த மனிதர். "இந்த வேலை தையோட முடியுது. கம்பெனி போயி ரெண்டு வருசமாச்சு. சாமானுக்குக் காவலா ரைட்டர வச்சிருக்காங்க. அடுத்து என்னன்னு அவருக்கே தெரியாது. பொண்ணு வீட்டுக்காரங்க ஒங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னா சொல்லிருங்க, வேற எடம் பாக்கட்டும்."

நான் வாசலில் நின்று கேட்டேன். "அத அவரே எழுதிப் போட்டிருக்கலாமே?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "மூணு தடவ எழுதிக் கிழிச்சாருங்க" என்றார். "போட மனசு வரல."

இருபத்துநாலு வருஷத்தில் என்னை வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு மனசு வராமல் போனது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. தன் குறையெல்லாம் முற்றத்தில் கொட்டிவிட்டு இந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அவர் மேஜையில் மஞ்சள் பூசிக்கொண்டு என் பொய் உட்கார்ந்திருக்கிறது.

"அவரு வந்தா நீங்களும் ஒண்ணு சொல்லிருங்க" என்றேன். "பொண்ணு ஜாதகத்துல ரெண்டு வயசு கொறச்சு எழுதியிருக்கு. பொண்ணுக்கு அது பிடிக்கல."

அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மனிதர் மட்டும், சொல்லிவிடுகிறேன் என்று தலையாட்டினார்.

வண்டி வழக்கம்போலக் கிளம்ப மறுத்தது. அவர்தான் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார். ஒரு மைல் போன பிறகு, அந்த ஆளிடம் ஏன் அப்படி உளறினாய் என்று அண்ணன் கத்தினார். ரைட்டர் அவர்தான் என்றேன். அண்ணன் பிரேக்கை மிதித்தார். அது பிடிக்காததால் பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். குடும்ப மானத்தைக் கொண்டுபோய்க் குழியில் போட்டுவிட்டேன் என்று அப்பா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. மில்காரருக்குச் சொல்லியனுப்பி, நாள் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்.

பத்தாம் நாள் ஒரு கவர் வந்தது. அப்பா பிரித்து உள்ளே இருந்த தாளின் மூலைகளைப் பார்த்ததும் முகம் மாறி உட்கார்ந்துவிட்டார். மூலையில் மஞ்சள் இருந்தால் நல்ல சேதி, கரி இருந்தால் சாவு. இதில் நாலு மூலையிலும் பழைய மஞ்சளை மூடிக்கொண்டு சிவப்பு. என் ஜாதகத்தைத்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள் என்று தெரிந்ததும் அம்மா அழ ஆரம்பித்தாள். ஜாதகம் திரும்பி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் அதைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: "இரண்டு வயதைக் கூட்டிக்கொண்டேன். தையோடு முடியும் வேலையை நீங்கள் கழித்துக்கொள்ளுங்கள். பொருத்தம் பார்க்கவில்லை. எனக்குச் சம்மதம்."

இரண்டு தரம் படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினேன். அவரும் படித்தார். ஆனாலும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவுக வீட்ல மஞ்சத்தூள் இல்லப்பா" என்றேன்.