பறவைக திரும்புற வரைக்கும் உக்காந்திருந்த எங்க அக்கா

எங்க அக்காவோட பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கிற சொந்தபந்தம் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்க அக்கா மக செல்விதான் எழுதுறா. அழுகாம எழுது தாயி.

எங்க அக்கா பொறந்தது மார்க்கையன்கோட்டை, வாக்கப்பட்டது சின்னமனூர். செல்வி கைப்புள்ளையா இருக்கையிலயே மச்சான் நெஞ்சுவலியில போய்ச் சேந்துட்டாக. அதுக்கப்பறம் வயலையும் புள்ளையையும் அக்கா ஒத்தையில பாத்துச்சு. நாத்து விட்ட வயல்ல கொக்கு எறங்குனா வெதைய மிதிச்சு அமுக்கிப்புடும். எங்க அக்கா வரப்புல நின்னு கையத் தட்டி ஒரு சத்தம் குடுக்கும். பக்கத்து வயக்காரவுக காவலுக்கு ஆளே வைக்காம வீட்டுல படுத்துக் கிடப்பாக.

ஒரே ஒரு பிடிவாதம், போட்டோவுல நிக்காது. விசேச வீட்டுல கேமராக்காரரு கூப்புட்டா சமையக்கட்டுப் பக்கம் போயிரும். செல்வி கல்யாணத்துலயும் அப்படித்தான். "தாலி இல்லாதவ நடுவுல நின்னா நல்லாருக்காதுடா"ங்கும். "யாருக்கா அப்படி நெனைக்கிறா?"ன்னு கேட்டா, "நான் நெனைக்கிறேன்ல." அவ்வளவுதான். ஆதார் அட்டையில இருக்கிற மொகத்த எங்க அக்கான்னு சொன்னா நாங்களே நம்ப மாட்டோம். அம்மாவுக்குன்னு ஒரு நல்ல படம் இல்லையேன்னு செல்விக்கு ரொம்ப நாளாக் கொறை. இத்தனைக்கும் பறவை படம் எடுக்கிறதுல அவளுக்குப் பைத்தியம்.

இந்தத் தையமாவாசைக்கு மச்சானுக்குத் திதி குடுக்க ராமேஸ்வரம் போனோம். அங்கன இட்லி கல்லு மாதிரி இருந்துச்சு, அது கிடக்கட்டும். சாயங்காலம் தனுஷ்கோடி ரோட்டுல, கடலு உள்வாங்கி முழங்கால் தண்ணியா நிக்கிற எடத்துல செல்வி காரை நிப்பாட்டச் சொன்னா. கேமராவத் தூக்கிட்டு மண்ணுல குப்புறப் படுத்துட்டா.

கொஞ்ச நேரத்துல ஒரு கூட்டம் எறங்குச்சு. நெட்டக்காலு, வளைஞ்ச மூக்கு, றெக்கையில ரோசு. பூநாரையாம். "மாமா, அசையாதீக"ன்னா செல்வி. நான் அசையல. எங்க அக்கா எந்திரிச்சு முந்தானைய வீசி, கையத் தட்டி, "ஏய்! ச்சூ! ச்சூ!"ன்னு ஒரு சத்தம்! அம்புட்டும் பறந்துருச்சு.

"ஆத்தா! இது என்ன உன் நாத்தங்காலா?"

"தண்ணியில எறங்கவும் கை தன்னால போயிருச்சுடி."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. அக்கா சிரிக்கல. "இரை எடுக்க வந்ததுகடா. நம்ம வெதையவா திங்க வந்துச்சு? வெரட்ட எனக்கு என்ன பாத்தியம் இருக்கு?"ன்னு மண்ணுல உக்காந்துருச்சு. அதுக திரும்பி வராம கார்ல ஏறமாட்டேன்னுருச்சு.

டிரைவர் தம்பி, "பெரியம்மா, கடல் பூரா மீனு கிடக்கு. அதுக வேற எங்கிட்டாவது திங்கும். நேரமாச்சு"ன்னாரு.

"ஒன்னைய எலையில இருந்து எழுப்பி விட்டா, வேற வீட்டுக்குப் போயித் திம்பியாக்கும்?"

அந்தத் தம்பியும் எங்க பக்கத்துல வந்து உக்காந்துட்டாரு. வெயில் எறங்கி, தண்ணி செம்மண் நெறமாப் போச்சு. மொதல்ல ஒண்ணு வந்து நின்னுச்சு. அப்பறம் நாலஞ்சு. பெறகு கூட்டமா எறங்கித் தலையக் கவுத்து மேஞ்சுச்சுக. எங்க அக்கா மொகத்த அப்பப் பாக்கணும். செல்வியும் பாத்துட்டா. கேமராவ மெல்ல இந்தப் பக்கம் திருப்புனா. அக்காவுக்குத் தெரிஞ்சுருச்சு. முந்தானையப் பிடிச்ச கை அப்படியே நின்னுச்சு. மொகத்த மூடல.

"எடுத்துட்டியாடி?"

"எடுத்துட்டேம்மா."

"சரி வா, போவோம்."

ஊருக்கு வந்து கொஞ்ச நாள்லயே மூச்சு வாங்க ஆரம்பிச்சது. ஆஸ்பத்திரியில ராப்பகலாப் பாத்த நர்சம்மாமாருக, கஞ்சி வச்சுக் குடுத்த பக்கத்து வீட்டுக்காரவுக, அன்னைக்கு முகஞ்சுளிக்காம காத்திருந்து கடைசிப் பயணத்துலயும் கூட வந்த டிரைவர் தம்பி, எல்லாரையும் கும்புட்டுக்கிறேன்.

உங்க கையில குடுத்திருக்கிற இந்த நினைவு அட்டையில இருக்கிறது அந்தப் படந்தான். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு நம்ம வீடுகள்ல காதுகுத்து, கல்யாணம்னு வந்தா, இந்தப் படத்தக் கொண்டாந்து எல்லாருக்கும் நடுவுல வைங்க. இனி அது எந்திரிச்சுப் போகாது.