செங்கமாரி என்று நினைத்தேன்

போர் ஓய்ந்து, வன்னியிலிருந்து கொழும்புக்குப் பாதை திறந்திருந்த காலம். இரத்தப் புற்றுநோய்க்குக் கொழும்பில் மருந்தேற்றிக்கொண்டு ஸ்கந்தபுரம் திரும்பிய என் ஆறு வயது மகளின் கண்கள் ஒருநாள் மஞ்சளாகின. செங்கமாரி என்று நினைத்து, கீழ்காய்நெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் மூன்று நாள் கொடுத்தேன். புற்றுநோய்க்கென்று கொழும்பில் தந்த குளிசையையும் தவறாமல் விழுங்க வைத்தேன். நாலாம் நாள் அவள் எழும்பவில்லை. கொழும்பு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் குளிசைதான் ஈரலைத் தாக்கியிருக்கு. கண் மஞ்சளான அண்டைக்கே வந்திருக்கலாமே?" என்றார் டொக்டர். குளிசையை நிறுத்தினார்கள்; ஈரல் மெல்லத் தேறியது.

புற்றுநோய்க்கு அது வேண்டுமென்பதால், இப்போது அளவைக் குறைத்துத் திரும்பவும் அதே குளிசை. தினமும் கொடுக்குமுன் அவளை முற்றத்து வெயிலில் நிறுத்தி, இமையை விலக்கிப் பார்க்கிறேன். மஞ்சள் தெரிந்தால் கைமருந்தில்லை, அன்றே ஆஸ்பத்திரி.

"வெள்ளையோ அம்மா?" என்பாள்.

"ஓம், வெள்ளை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பார்க்கிறேன்.